கூட்டம் முடிந்த பிறகு வரும் ஆதரவு

அன்புள்ள சார்,

மென்பொருள் அலுவலகம் ஒன்றில் வேலை செய்கிறேன். எங்கள் குழுவில் எட்டுப் பேர். எதுவானாலும் ‘எல்லாரும் கலந்து பேசி முடிவெடுப்போம்’ என்பார் மேலாளர். ஆனால் கூட்டம் ஆரம்பித்ததும் தன் கருத்தை அவரே முதலில் சொல்லிவிடுவார். ஒரு மணி நேரம் பேசிவிட்டு நாங்களும் அங்கேயே போய்ச் சேருவோம். சென்ற மாதம் ஒரு வெளியீட்டுக்குத் தேதி குறித்தார்கள். சோதனைக்கு நாள் போதாது என்று நான் மட்டும் சொன்னேன், எடுபடவில்லை. வெளியே வந்ததும் மூன்று பேர் தனித்தனியாக வந்து, ‘நீங்க சொன்னதுதான் சரி’ என்றார்கள். இப்போது ஆண்டு மதிப்பீட்டில் ‘டீம் பிளேயராக இருக்கக் கற்றுக்கொள்ள வேண்டும்’ என்று எழுதியிருக்கிறார்கள். வாயை மூடிக்கொண்டிருப்பதுதான் குழுவாக வேலை செய்வதா?

க.

அன்புள்ள க.,

உங்கள் மேலாளரைவிட அந்த மூன்று பேர் மீதுதான் எனக்கு முதலில் எரிச்சல் வந்தது. உள்ளே தலையாட்டிவிட்டு வெளியே வந்து காதைக் கடிப்பவர்கள். ஆனால் அவர்கள் தனித்தனியாக வந்தார்கள் என்று எழுதியிருக்கிறீர்களே, விஷயம் அங்கேதான் இருக்கிறது. ஒருவர் நினைப்பது மற்றவருக்குத் தெரியாது. உங்களைத் தவிர எல்லாருக்கும் சம்மதம் என்றே ஒவ்வொருவரும் நினைத்திருப்பார்கள்.

1950களில் சாலமன் ஆஷ் என்ற உளவியலாளர் ஒரு சோதனை நடத்தினார். மூன்று கோடுகளில் எது மாதிரிக் கோட்டின் நீளத்துக்குச் சமம் என்று சொல்ல வேண்டும். பார்த்ததும் தெரிந்துவிடும். ஆனால் அறையில் ஒருவரைத் தவிர மற்றவர்கள் எல்லாம் ஏற்கெனவே பேசி வைத்துக்கொண்டு தவறான கோட்டைச் சொன்னார்கள். அப்படி மாட்டிக்கொண்டவர்களில் முக்கால்வாசிப் பேர் ஒரு தடவையாவது கூட்டத்தோடு சேர்ந்து தப்பாகச் சொன்னார்கள். பலரும் கதையை இதோடு நிறுத்திவிடுவார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது அடுத்தது: இன்னும் ஒரே ஒருவர் சரியான விடையைச் சொன்னபோது, அந்தத் தவறுகள் கால் பங்காகக் குறைந்துவிட்டன.

அதனால் அடுத்த கூட்டத்துக்கு முன்பே அந்த மூவரில் ஒருவரிடம் பேசுங்கள். ‘நான் இதைச் சொல்லப்போகிறேன், உங்களுக்கும் அப்படித் தோன்றினால் அங்கேயே சொல்லுங்கள்’ என்றால் போதும். இது கோஷ்டி சேர்ப்பது ஆகாது. வெளியே வந்து சொல்வதை உள்ளே சொல்லச் சொல்கிறீர்கள், அவ்வளவுதான்.

மேலாளர் முதலில் பேசுவது பழைய வியாதி. 1961இல் கியூபாவின் பிக்ஸ் வளைகுடாவில் அமெரிக்க ஆதரவோடு நடந்த படையெடுப்பு படுதோல்வி அடைந்தது. அப்போதைய அமெரிக்க அதிபர் கென்னடியின் ஆலோசகர் ஆர்தர் ஷ்லெசிங்கருக்கு அந்தத் திட்டத்தில் உடன்பாடே இல்லை. எதிர்த்துக் குறிப்பும் எழுதிக் கொடுத்தார். ஆனால் கூட்ட அறையில் அழுத்திப் பேசவில்லை. அதற்காகப் பின்னால் தன்னையே நொந்துகொண்டார். அடுத்த ஆண்டு, கியூபாவில் சோவியத் ஏவுகணைகள் இருப்பது தெரிந்து போர் மூளும் நெருக்கடி வந்தபோது, தான் இருந்தால் மற்றவர்கள் மனம்விட்டுப் பேச மாட்டார்கள் என்று கென்னடி சில கூட்டங்களுக்கு வராமலேயே இருந்தார்.

உங்கள் மேலாளரை வெளியே இருக்கச் சொல்ல முடியாதுதான். ‘கூட்டத்துக்கு முன்னால் எல்லாரும் இரண்டு வரி எழுதி அனுப்பிவிட்டால் நேரம் மிச்சமாகுமே’ என்று கேட்டுப் பாருங்கள். நேரம் மிச்சம் என்றால் மறுக்கிற மேலாளரை நான் பார்த்ததில்லை.

சரி, இப்போது உங்களிடம் ஒரு கேள்வி. தேதி முடிவான பிறகு நீங்கள் என்ன செய்தீர்கள்? கடிதத்தில் அது இல்லை. முடிந்துபோன முடிவை ஒவ்வொரு கூட்டத்திலும் மறுபடி கிளறி, ‘நான்தான் அப்போதே சொன்னேனே’ என்பவரோடு வேலை செய்வது பெரிய தலைவலி. அவர் சொன்னது சரியாகவே இருந்தாலும் தலைவலிதான். நீங்கள் அப்படி இருந்தீர்கள் என்று சொல்லவில்லை. ஆனால் எதிர்த்துப் பேசியதோடு உங்கள் பங்கு முடியவில்லை. ‘இன்ன தேதிக்குள் பாதிச் சோதனையாவது முடியாவிட்டால் மறுபடி உட்கார்ந்து பேசுவோம்’ என்று அன்றைக்கே கேட்டுக் குறிப்பில் ஏற்றிவிடலாம். அப்புறம் அந்தத் தேதிக்கு முடிப்பதற்காக மற்றவர்களைப் போலவே உழைக்கலாம்.

மதிப்பீட்டைப் பொறுத்தவரை, எந்தச் சம்பவத்தை வைத்து அப்படி எழுதினார் என்று மேலாளரிடமே கேளுங்கள். சண்டைக்குப் போகிற குரலில் வேண்டாம். அந்த வெளியீட்டைத்தான் அவர் சொல்கிறார் என்றால், அது குறித்த தேதியில் போனதா இல்லையா என்பது உங்கள் இருவருக்குமே தெரியும். எனக்குத்தான் நீங்கள் அதைச் சொல்லவில்லை.