கத்திரி வெயிலும் சோறு வேண்டாம் என்கிற பிள்ளையும்

கேள்வி: என் மகனுக்கு ஒரு வயது ஏழு மாதம். வேலூரில் மொட்டை மாடிக்கு நேர் கீழே உள்ள வீட்டில் வாடகைக்கு இருக்கிறோம். சித்திரை பிறந்ததிலிருந்து சோற்றுக் கிண்ணத்தைக் கண்டாலே வாயை இறுக மூடிக்கொள்கிறான். பால் மட்டும் ஐந்து, ஆறு பாட்டில் குடிக்கிறான். கழுத்து, முதுகெல்லாம் வியர்க்குரு. ராத்திரி நாலு தடவை எழுந்து அழுகிறான். இளநீர், நுங்கு கொடுத்தால் சளி பிடிக்கும் என்கிறார் மாமியார். ஏசி வாங்கலாமா என்றும் யோசிக்கிறோம். பிள்ளை இளைத்துவிடுவானோ என்று பயமாக இருக்கிறது டாக்டர்.

பதில்: முதலில் அந்தப் பாட்டில் கணக்கைப் பார்ப்போம். ஒரு பாட்டில் 200 மில்லி என்றே வைத்துக்கொண்டாலும் நாளைக்கு ஒரு லிட்டரோ அதற்கு மேலோ ஆகிறது. இந்த வயதுக்கு 400 முதல் 500 மில்லி பால் போதும். ஒரு லிட்டர் பசும்பாலில் 600 கலோரிக்கு மேல் இருக்கிறது. உங்கள் மகனுக்கு நாள் முழுவதற்கும் தேவைப்படுவதே ஏறக்குறைய ஆயிரம்தான். அவ்வளவு பாலை வயிற்றில் வைத்துக்கொண்டு அவன் சோற்றுக்கு எங்கே இடம் தேடுவான்? வெயிலில் பெரியவர்களுக்கே பசி மந்தமாகிறது, அது உண்மை. ஆனால் உங்கள் வீட்டில் வெயில் பாதி, பால் பாதி.

அவன் ஏன் இத்தனை முறை பாட்டிலைக் கேட்கிறான் என்பதையும் யோசியுங்கள். தாகம் எடுக்கிறது. "தண்ணி" என்று தெளிவாகக் கேட்கத் தெரியாது. தாகம் எடுத்தால் வாய்க்கு வருவது பாட்டில்தான் என்று பழகிவிட்டது. ராத்திரி எழுந்து அழுவதிலும் பாதி இதுதான். எனவே பாலைத் திடீரென்று நிறுத்த வேண்டாம். அவன் உடம்புக்குப் போகிற தண்ணீரில் பெரும்பகுதி இப்போது அந்தப் பாலில்தான் இருக்கிறது. இரண்டு, மூன்று நாளுக்கு ஒரு முறை ஒரு பாட்டிலைக் குறைத்து, அந்த இடத்தில் தண்ணீரை வையுங்கள். ராத்திரிப் பாட்டிலை முதலில் எடுத்துவிடுங்கள். காலையில் ஒரு டம்ளர், சாயங்காலம் ஒரு டம்ளர் என்கிற அளவுக்கு வந்துவிட்டால் சோறு தானாக உள்ளே போகும்.

தண்ணீரைச் சின்ன எவர்சில்வர் டம்ளரில் கொடுங்கள். முதல் நாலு நாள் மூக்கு நனையும், பாதி நெஞ்சில் வழியும், சட்டை தொப்பலாகும். வழியட்டும், இந்த வெயிலில் அதுவும் நல்லதுதான். அரை மணிக்கு ஒரு தடவை இரண்டு, மூன்று வாய். அவன் கேட்கும்வரை காத்திருக்காதீர்கள். விளையாட்டு மும்முரத்தில் இருக்கும் பிள்ளை கேட்கவே மாட்டான். கொதிக்கவைத்து ஆற்றிய தண்ணீரை மண்பானையில் ஊற்றிவைத்துக் கொடுக்கலாம். பானையைத் தினமும் கழுவுங்கள். கையை உள்ளே விடாமல் நீளக் காம்புள்ள கரண்டியால் மொண்டு எடுங்கள்.

தண்ணீர் போதுமான அளவு போகிறதா என்று தெரிந்துகொள்ள ஒரே நல்ல வழி சிறுநீர்தான். பகலில் டயாபரை எடுத்துவிட்டு மெல்லிய பருத்தி ஜட்டி மட்டும் போடுங்கள். டயாபருக்குள் எத்தனை முறை போனான், என்ன நிறத்தில் போனான் என்பது தெரியாது. மூன்று, நாலு மணி நேரத்துக்கு ஒரு முறை வெளிர் மஞ்சளாகப் போனால் நிம்மதியாக இருங்கள். அடர் மஞ்சளாகப் போனால் தண்ணீரைக் கூட்டுங்கள். ஆறு மணி நேரமாகப் போகவே இல்லை, நாக்கு வறண்டிருக்கிறது, அழுதால் கண்ணீர் வரவில்லை என்றால் அன்றே டாக்டரிடம் காட்டுங்கள். சோறு எத்தனை கவளம் போனது என்று எண்ணும் அம்மாக்களைத் தினமும் பார்க்கிறேன். வெயில் காலம் முடியும்வரை அந்த எண்ணிக்கையைச் சிறுநீர்ப் பக்கம் திருப்புங்கள் என்றுதான் அவர்களிடம் சொல்கிறேன்.

இளநீரால் சளி பிடிக்காது. சளிக்குக் காரணம் வைரஸ். உங்கள் மாமியார் பயப்படுவதிலும் ஒரு நியாயம் உண்டு: அந்தக் காலத்தில் குளிர்ச்சியாகக் கொடுத்தது பெரும்பாலும் சுத்தமில்லாத தண்ணீராகவோ ஐஸாகவோ இருந்திருக்கும். கடை ஐஸ் இன்றைக்கும் வேண்டாம்தான். இளநீரை வெட்டியவுடன் அரை டம்ளர் கொடுங்கள். நுங்கு கொடுக்கலாம், ஆனால் முழுதாக ஒருபோதும் கொடுக்காதீர்கள். வழுக்கிக்கொண்டு போய்த் தொண்டையை அடைத்துவிடும். தோலைச் சுத்தமாக எடுத்துவிட்டுக் கையால் பிசைந்து கொடுங்கள். திராட்சையை நீளவாக்கில் நான்காக நறுக்குங்கள், தர்பூசணியில் விதையை எடுங்கள். தெருவில் வெட்டி வைத்திருக்கும் பழம் வேண்டாம். மிளகாய் போடாத நீர்மோரும் நல்லது. பாட்டில் ஜூஸ், பவுடர் கரைத்த கலர் தண்ணீர் எல்லாம் வெறும் சர்க்கரை, மிச்சப் பசியையும் அடைத்துவிடும்.

சோற்றுக்கு நேரத்தை மாற்றிப் பாருங்கள். உச்சி வெயிலில், புழுங்குகிற சமையலறையில் உட்கார வைத்து ஊட்டினால் நானும் சாப்பிட மாட்டேன். காலை ஏழு, ஏழரைக்குள் இட்லியோ கம்பங்கூழோ கொடுங்கள். மத்தியானம் தயிர் சாதம் நாலு வாய் போனாலும் சரி. ஆறரை மணிக்கு மேல் காற்று வரும் இடத்தில் உட்கார்ந்து பருப்பு சாதம், முட்டை, கீரை என்று தெம்பான சாப்பாட்டைக் கொடுங்கள். வாயை மூடினால் விட்டுவிடுங்கள். செல்போனைக் காட்டி ஏமாற்றி ஊட்ட வேண்டாம்.

வியர்க்குருவுக்கு வருவோம். வியர்வை வெளியே வரும் துவாரம் அடைபட்டு, வியர்வை தோலுக்கு அடியிலேயே தேங்குவதுதான் வியர்க்குரு. என்னிடம் வரும் பிள்ளைகளின் கழுத்து மடிப்பைப் பிரித்துப் பார்த்தால் பவுடர், வியர்வை, அழுக்கு மூன்றும் சேர்ந்து வெள்ளைக் களிம்பாக அப்பியிருக்கும். அதைத் துடைத்தால் அடியில் சிவந்து ஈரமாக இருக்கும். பவுடர் அந்த அடைப்பை இன்னும் கூட்டுகிறது. பறக்கிற பவுடரைப் பிள்ளை மூச்சில் இழுத்தால் நுரையீரலுக்கும் கெடுதல். எனவே பவுடர் டப்பாவை எடுத்து வைத்துவிடுங்கள். காலையும் மாலையும் சாதாரணத் தண்ணீரில் குளிப்பாட்டி, மடிப்புகளை ஒற்றி எடுத்துக் காயவிடுங்கள். கடலை மாவு போட்டுத் தேய்க்காதீர்கள். வெயில் முடியும்வரை எண்ணெய் தடவுவதையும் குறையுங்கள். நகத்தை ஒட்ட வெட்டுங்கள். அரிப்பு அதிகம் என்றால் கலமைன் லோஷன் போதும். சொறிந்த இடத்தில் சீழ் வைத்து வேனல் கட்டியானாலோ, காய்ச்சலோடு நீர்க்கொப்புளம் கிளம்பினாலோ காட்ட வேண்டும். பின்னது அம்மையாக இருக்கலாம். அம்மைக்கு வேப்பிலை வைப்பது உங்கள் விருப்பம், ஆனால் தண்ணீரும் சாப்பாடும் குறையக் கூடாது.

ஏசி வாங்க முடிந்தால் தாராளமாக வாங்குங்கள். 26, 27 டிகிரியில் வைத்து, காற்று நேராக முகத்தில் அடிக்காமல் பார்த்துக்கொண்டால் போதும். முடியாவிட்டாலும் குறையில்லை. உங்கள் வீட்டில் ராத்திரிப் புழுக்கத்துக்குக் காரணம் மேலே இருக்கும் தளம். பகலெல்லாம் வாங்கிய சூட்டை அது ராத்திரி கீழே இறக்குகிறது. வீட்டுக்காரரிடம் கேட்டு மொட்டை மாடிக்கு வெள்ளைச் சுண்ணாம்பு அடியுங்கள், அல்லது தென்னங்கீற்று பரப்புங்கள். ஜன்னலைப் பத்து மணிக்கு மூடி, சாயங்காலம் திறந்துவிடுங்கள். படுக்கும் முன் ஈரத்துணியால் உடம்பைத் துடைத்துவிட்டு ஃபேன் காற்றில் விட்டால் நன்றாகத் தூங்குவான். பதினொன்றிலிருந்து நாலு மணிவரை வெளியே கூட்டிப்போக வேண்டாம். ஒரு நிமிஷ வேலைதானே என்று காருக்குள் விட்டுப் போவது வேண்டவே வேண்டாம். வெயிலில் நிற்கும் காருக்குள் பத்து நிமிஷத்தில் பத்து டிகிரி ஏறிவிடும்.

அப்புறம், நீங்கள் கேட்காத ஒன்று. இதைச் சொல்லாமல் என்னால் விட முடியாது. கோடையில் லாரித் தண்ணீரும் குழாய்த் தண்ணீரும் வரும் நாளில் டிரம், அண்டா, பக்கெட் என்று எல்லாவற்றிலும் பிடித்து வைக்கிறோம். இந்த வயதில் தலைதான் கனம். பக்கெட்டை எட்டிப் பார்க்கிற பிள்ளை தலைகுப்புற விழுந்தால் தானாக எழ முடியாது, சத்தமும் வராது. மூழ்கிப்போக அரை பக்கெட் தண்ணீரே போதும். டிரம்முக்கு இறுக்கமான மூடி, குளியலறைக்கு வெளியே எட்டாத உயரத்தில் ஒரு தாழ்ப்பாள். இந்த இரண்டையும் இன்றைக்கே செய்துவிடுங்கள்.

பேதியானால் ஓஆர்எஸ் எனும் உப்பு-சர்க்கரைக் கரைசல் பவுடர் பாக்கெட் வாங்குங்கள், ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகவே கிடைக்கும். ஒரு லிட்டர் பாக்கெட்டை ஒரு லிட்டரில்தான் கரைக்க வேண்டும், டம்ளரில் பாதி பாதியாகக் கரைக்கக் கூடாது. கரைத்ததை 24 மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள். இளநீர் அதற்கு ஈடாகாது, அதில் சோடியம் குறைவு. சர்க்கரை மிகுந்த பானங்கள் ஓஆர்எஸ் என்ற பெயரில் விற்கப்பட்டதால், அந்தப் பெயரையே போடக் கூடாது என்று 2025 அக்டோபரில் மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் உத்தரவிட்டது. வாங்கும்போது உலக சுகாதார நிறுவனத்தின் கலவை என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். டாக்டரிடம் கேட்டு 14 நாள் துத்தநாக மருந்தும் கொடுங்கள்.

உடம்பு அனலாகக் கொதித்து, பிள்ளை துவண்டு, கூப்பிட்டால் சரியாகப் பார்க்கவில்லை, அல்லது வலிப்பு வந்தது என்றால் காய்ச்சல் மருந்தைத் தேடி நேரத்தைப் போக்காதீர்கள். வெயில் தாக்கிய சூடு அந்த மருந்துக்கு இறங்காது. துணியைக் கழற்றி, உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி, விசிறிக்கொண்டே 108-ஐக் கூப்பிடுங்கள். மயங்கிய பிள்ளையின் வாயில் எதையும் ஊற்ற வேண்டாம்.

இளைத்துவிடுவானோ என்று கேட்டீர்கள். அங்கன்வாடித் தராசில் இந்த வாரம் ஒரு முறை, வைகாசி முடியும்போது ஒரு முறை எடை பாருங்கள். எடை அப்படியே நின்றால் கவலை இல்லை, ஆடியில் ஏறிவிடும். குறைந்தால் கூட்டிவாருங்கள். எடை எப்படி இருந்தாலும் ஒரு முறை ஹீமோகுளோபின் பார்த்துவிடுவது நல்லது. பசும்பாலில் இரும்புச்சத்து மிகக் குறைவு. மாதக்கணக்கில் பாலே சாப்பாடாக இருந்த பிள்ளைகளுக்கு இரத்தசோகை இருப்பதை அடிக்கடி பார்க்கிறேன், அதுவும் பசியைக் கெடுக்கும்.