சம்பந்தியோடு வைன் தோட்டம்: வான் பிடிக்கலாமா?

கல்லடியிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் கேட்டிருக்கிறார். வரும் மார்ச் மாதம் மனைவியுடன் மெல்பேர்ணில் இருக்கும் மகன் வீட்டுக்குப் போகிறார். களுவாஞ்சிக்குடியிலிருந்து சம்பந்தி வீட்டாரும் அதே நேரம் அங்கே வருகிறார்கள். ஆறு பேருமாகச் சாரதியோடு தனி வான் பிடித்து, யாரா பள்ளத்தாக்கின் தோட்டங்களில் வைன் சுவைத்துவர மருமகள் ஏற்பாடு செய்யப் பார்க்கிறார். "நான் விசேஷங்களில் கொஞ்சம் சாராயம் எடுப்பேன், அவ்வளவுதான். மனைவியும் சம்பந்தி அம்மாவும் தொடவே மாட்டார்கள். எனக்குச் சீனி வருத்தமும் இருக்கிறது. இவ்வளவு காசு கொடுத்து இது தேவையா? போனால் எப்படி நடந்துகொள்வது? ஊருக்கு ஒரு போத்தல் கொண்டுவரலாமா?"

சேர், போகலாம். ஆனால் மருமகள் காசு கட்டுமுன் வீட்டுக்குள் ஒரு விஷயத்தைப் பேசி முடியுங்கள். ஆறு பேரில் உண்மையாகவே சுவைக்கப் போகிறவர்கள் எத்தனை பேர்? நீங்கள், மகன், மருமகள், சம்பந்தி ஐயா என்று நாலு பேர் தேறினால் சாரதியோடு வான் பிடிப்பதில் நியாயம் இருக்கிறது. சம்பந்தி ஐயாவும் ஒதுங்கி, நீங்களும் ஒரு வாய்க்கு மேல் வேண்டாம் என்றால் அது வீண் செலவு. ஏழு பேர் இருக்கக்கூடிய வாகனம் ஒன்றை எடுத்து மகனோ மருமகளோ ஓட்டட்டும். ஓட்டுகிறவர் அன்றைக்குத் தொடக்கூடாது.

அதில் விட்டுக்கொடுக்கவே முடியாது. விக்டோரியா மாநிலத்தில் முழு உரிமம் உள்ளவருக்கே இரத்தத்தில் மதுசாரம் 0.05 வீதத்தைத் தொட்டால் குற்றம். புதிதாக உரிமம் எடுத்தவர்களுக்கும் வாடகைக்கு ஆளேற்றும் சாரதிகளுக்கும் பூச்சியம்தான். வீதியில் பொலிசார் மறித்து ஊதச் சொல்வது அங்கே சாதாரணம். 'ஒரு கிளாஸ்தானே' என்று மகன் சொன்னால் கேட்காதீர்கள்.

ரயில், பஸ் என்று யோசிக்கவும் வேண்டாம். பள்ளத்தாக்கு மெல்பேர்ணுக்கு வடகிழக்கே ஏறக்குறைய ஒரு மணித்தியால ஓட்டம். ரயில் லிலிடேல் வரைக்கும்தான் போகும். அதற்கப்பால் தோட்டங்கள் ஒன்றுக்கொன்று நடக்க முடியாத தூரத்தில் சிதறிக் கிடக்கின்றன. நகரத்திலிருந்து ஒரு பஸ் நிறைய ஆட்களை ஏற்றிப் போகிற பொதுப் பயணங்களும் உண்டு. ஆளுக்கு விலை குறைவு, ஆனால் எங்கே நிற்பது, எத்தனை நிமிடம் என்பதெல்லாம் அவர்கள் வைத்ததுதான் சட்டம். வயதானவர்கள் நாலு பேர் இருக்கிற உங்கள் கூட்டத்துக்கு அது சரிவராது.

தனி வானுக்குக் கொடுக்கிற கூடுதல் காசு, அன்றைய நாளை உங்கள் வசதிக்கு வெட்டிக்கொள்வதற்கான காசு. அதை வாங்கிவிட்டு, பயண நிறுவனம் தரும் பட்டியலை அப்படியே ஒப்புக்கொள்வதில் அர்த்தமில்லை. பட்டியலில் நாலு தோட்டம், ஐந்து தோட்டம் என்று இருக்கும். இரண்டு போதும் என்பேன்.

காரணம் கணக்கில் இருக்கிறது. ஒவ்வோர் இடத்திலும் ஐந்தாறு வகை ஊற்றுவார்கள். ஓர் ஊற்று பெரும்பாலும் 30 மில்லிலீற்றர் அளவு. கிளாஸின் அடியில் கிடக்கிறதைப் பார்த்தால் 'இதென்ன, மருந்தா?' என்று கேட்கத் தோன்றும். நாலு இடம், இடத்துக்கு ஐந்து என்றால் இருபது ஊற்று, மொத்தம் 600 மில்லிலீற்றர். முழுப் போத்தலே 750தான். 13 வீதம் மதுசாரம் உள்ள வைன் என்றால் அந்த 600க்குள் சுமார் 60 கிராம் மதுசாரம் இருக்கும். அவுஸ்திரேலியாவில் 10 கிராமை ஓர் அளவாக எண்ணுவார்கள், ஆகவே ஆறு அளவு. நம்முடைய சாராயத்தில் சொன்னால் கால் போத்தலைத் தாண்டிவிடும். ஓர் அளவைக் கழிக்கவே உடம்புக்கு ஏறக்குறைய ஒரு மணித்தியாலம் வேண்டும். சாராயம் பழகியவர்கள் வைனை 'ஜூஸ்' என்று நினைத்து ஏமாறுவது இந்தக் கணக்கைப் போடாததால்தான்.

அதனால்தான் தெரிந்தவர்கள் விழுங்காமல் துப்புகிறார்கள். மேசையில் அதற்கென்றே ஒரு பாத்திரம் இருக்கும். படிக்கம் வைத்து வெற்றிலை போட்டவர்களின் பேரப்பிள்ளைகள் நாம், இதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. வாயில் சுழற்றிவிட்டுத் துப்பலாம், பிடிக்காததைக் கிளாஸிலிருந்தே ஊற்றியும் விடலாம். ஊற்றித் தந்தவர் கோபிக்கமாட்டார். மாறாக, போதை ஏறியவருக்கு ஊற்ற அவருக்குச் சட்டமே இடம் தராது. அவர் நிறுத்தினால் வாதாடாதீர்கள்.

வெற்றிலை என்றதும் ஞாபகம் வருகிறது: அன்று காலையில் போடவேண்டாம். பாக்கும் சுண்ணாம்பும் ஏறிய நாக்குக்கு எந்த வைனும் ஒன்றுதான். அம்மாமார் தலையில் மல்லிகைச் சரம், மகன் சட்டையில் வாசனைத் திரவியம், இரண்டையும் அன்றைக்குத் தள்ளிவைக்கலாம். சுவையில் பாதிக்கு மேல் மூக்கின் வேலை, பக்கத்தில் நிற்கிறவரின் மூக்கையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

மற்றபடி முறை எளிது. நுரைக்கும் வைன், வெள்ளை, இலேசான சிவப்பு, கனத்த சிவப்பு, கடைசியில் இனிப்பானது என்ற வரிசையில் அவர்களே தருவார்கள். கிளாஸின் காலைப் பிடியுங்கள், வயிற்றைப் பிடித்தால் கைச்சூடு ஏறும். மெல்லச் சுழற்றி, முதலில் முகர்ந்து, பிறகு ஒரு வாய். முதல் வாயில் புளிப்பு மட்டும்தான் தெரியும், அதை வைத்துத் தீர்ப்புச் சொல்லவேண்டாம். இரண்டாவது வாயில்தான் மற்றவை வெளியே வரும். 'இனிப்பே இல்லையே' என்று சம்பந்தி ஐயா கேட்டால், பழச்சாற்றில் இருந்த சீனியை மதுவம் தின்று மதுசாரமாக்கிவிட்டது என்று பழைய விஞ்ஞானப் பாடத்தை எடுத்துவிடுங்கள். சிவப்பு வைன் பல்லிலும் கன்னத்திலும் பிடிக்கிற மாதிரி இருக்கும். அது தனின் என்ற துவர்ப்புப் பொருள், பாக்கில் இருப்பதும் அந்த இனம்தான்.

யாராவில் பேர் பெற்றவை இரண்டு வகை: வெள்ளையில் ஷார்டனே, சிவப்பில் பினோ நுவா. பினோ நுவா என்ற முந்திரிகைப் பழத்தின் தோல் மெல்லியது, அதனால் வைனின் நிறமும் வெளிறியதாக இருக்கும். தண்ணீர் கலந்துவிட்டார்கள் என்று சந்தேகப்படாதீர்கள். இடம் தெரிவதென்றால், 1838 இல் விக்டோரியாவில் முதன்முதலாக முந்திரிகைக் கொடி நட்ட யெரிங் ஸ்டேஷனை ஒன்றாக வைத்துக்கொள்ளலாம். மற்றது, பிரான்சின் மொயே ஷாண்டோன் நிறுவனம் 1986 இல் தொடங்கிய ஷாண்டோன். நுரைக்கும் வைன் அவர்களுடைய கைத்தொழில். குடிக்காதவர்களுக்கும் அங்கே உட்கார்ந்து பார்க்க நல்ல வெளி இருக்கிறது.

அம்மாமார் இருவருக்கும் அது மட்டும் போதாது. நாள் முழுக்க மற்றவர்கள் முகர்வதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க யாருக்குப் பொறுமை? காலையில் எல்லோருமாக ஹீல்ஸ்வில் விலங்குச் சரணாலயத்துக்குப் போங்கள். கங்காரு, கோவாலா, வொம்பாட் என்று அவுஸ்திரேலியாவுக்கே உரிய விலங்குகள்தான் அங்கே. அடைப்பில் வைத்து, வாத்து அலகுள்ள பிளாட்டிபஸ் என்ற விலங்கின் குட்டியை முதன்முதலாக வளர்த்தெடுத்ததும் அங்கேதான், 1943 இல். குறைந்தது இரண்டு மணித்தியாலம் வேண்டும். பிறகு ஒரு தோட்டத்தில் சுவைப்பும் மதியச் சாப்பாடும், சாப்பாட்டுக்குப் பின் இன்னொரு தோட்டம், வீடு. பாற்கட்டியும் சொக்லேற்றும் விற்கிற இடங்கள் வழியில் இருக்கின்றன. நேரம் மிஞ்சினால் நிறுத்தச் சொல்லலாம்.

மார்ச் நல்ல மாதம். அங்கே பருவம் தலைகீழ், பெப்ரவரி முதல் ஏப்ரல் வரை அறுவடைக் காலம், கொடியில் குலையைப் பார்க்கலாம். யூன், யூலையில் போனால் வெட்டிவிட்ட கட்டைகள்தான். ஆனால் மார்ச் மாதத்தின் இரண்டாவது திங்கள் அந்த மாநிலத்தில் தொழிலாளர் தினம். அதை ஒட்டிய சனி, ஞாயிறு, திங்கள் மூன்று நாளையும் விட்டுவிடுங்கள், மெல்பேர்ணில் பாதிப் பேர் அந்தப் பக்கம்தான் வருவார்கள். சாதாரண வாரநாள் என்றால் ஊற்றித் தருகிறவருக்குப் பேச நேரம் இருக்கும். வெள்ளிக்கிழமை விரதம் என்றால் அந்த நாளையும் தவிருங்கள்.

குலையைக் கண்டவுடன் வரிசைக்குள் இறங்கிப் படம் எடுக்க ஆசை வரும். கேட்காமல் இறங்காதீர்கள். வேரைத் தின்று கொடியையே சாகடிக்கும் பிலொக்ஸெரா என்ற சிறு பூச்சி 2006 இல் யாராவில் கண்டுபிடிக்கப்பட்டது. சப்பாத்தில் ஒட்டிய மண்ணோடு அது தோட்டம் விட்டுத் தோட்டம் போகும். சப்பாத்தைச் சுத்தமாக்கிக்கொண்டு போங்கள். பூச்சி, நோய் விஷயத்தில் அந்த நாடே கடுமையானது. மகனுக்குக் கட்டிக்கொண்டு போகிற கருவாட்டையும் விமானத்தில் தரும் படிவத்தில் மறக்காமல் எழுதுங்கள்.

இனி வானை ஒழுங்குசெய்கிற மருமகளுக்கு. இங்கே கதிர்காமத்துக்கு வான் பிடித்தால் சாரதி நம்மோடு உட்கார்ந்து சாப்பிடுவார், வழியில் சொந்தக்காரர் வீட்டுக்கு எட்டிப்பார்க்கச் சொன்னாலும் முகம் சுளிக்கமாட்டார். அங்கே எல்லாம் மணித்தியாலக் கணக்கு. ஆகவே சொல்லப்படும் விலை வானுக்கா, ஆளுக்கா என்று முதலில் கேட்கவேண்டும். எத்தனை மணித்தியாலத்துக்கு, நேரம் வீட்டு வாசலில் ஏறியதிலிருந்து ஓடுமா, பிந்தினால் மேலதிகம் எவ்வளவு? சுவைப்புக் கட்டணமும் சாப்பாடும் விலைக்குள் அடங்குமா? பல தோட்டங்கள் சுவைக்கக் காசு எடுக்கின்றன. போத்தல் வாங்கினால் சில இடங்களில் அதைக் கழிப்பார்கள். ஆறு பேர் என்றால் தோட்டத்திலும் முன்கூட்டியே இடம் பதியவேண்டியிருக்கும், அதைச் செய்வது நிறுவனமா நீங்களா? யாராவது வானுக்குள் சத்தி எடுத்தால் துப்புரவுக்கு எவ்வளவு அறவிடுவார்கள் என்பதும் நிபந்தனைகளில் இருக்கும், வெட்கப்படாமல் வாசியுங்கள். வாடகைக்கு ஆளேற்றப் பதிந்த வாகனமா, அதற்கான அங்கீகாரம் உள்ள சாரதியா என்று எழுத்தில் கேளுங்கள். தெரிந்தவரின் தம்பி மலிவாக ஓட்டித் தருவார் என்ற யோசனை வந்தால் வேண்டாம், விபத்து நடந்தால் காப்புறுதி கைவிட்டுவிடலாம்.

இன்னொன்று, சாரதி எல்லோரும் வைன் பற்றி விளக்கமாட்டார்கள். சிலர் ஓட்ட மட்டும்தான் வருவார்கள். எனக்கு அது குறையாகவே தெரியாது, விளக்கத்தைத் தோட்டத்துக்காரர் வாயால் கேட்பதுதான் நல்லது. மாட்டிறைச்சி வேண்டாம், இன்னார் மரக்கறி மட்டும் என்பதைப் பதியும்போதே சொல்லிவிடவேண்டும். சாரதிக்குச் சந்தோசம் கொடுப்பது அங்கே கட்டாயமில்லை, மனம் இருந்தால் கொடுக்கலாம்.

உங்கள் சீனி வருத்தம்தான் எனக்கு யோசனை. வெறும் வயிற்றில் மதுசாரம் போனால் ஈரல் சீனியை இரத்தத்துக்கு விடுவது குறையும். கிளிக்கிளசைட், கிளிபென்கிளமைட் போன்ற குளிசையோ இன்சுலினோ எடுப்பவருக்குச் சீனி திடீரென்று இறங்கிவிடலாம், சில வேளை பல மணித்தியாலம் கழித்து, இரவில். தலைச்சுற்றும் தடுமாற்றமும் வந்தால் மற்றவர்கள் அதை வெறி என்றே நினைப்பார்கள். ஆகவே புறப்படுமுன் உங்கள் கிளினிக் டொக்டரிடம் மருந்துச் சீட்டைக் காட்டிக் கேளுங்கள். அவர் சரி என்றாலும் காலைச் சாப்பாட்டை விடாதீர்கள், சீனி பார்க்கிற மெசினைக் கையில் கொண்டுபோங்கள், சட்டைப் பையில் இரண்டு டொபி இருக்கட்டும். நடு இரவில் ஒருமுறை பார்க்கும்படி மனைவியிடம் சொல்லிவையுங்கள். டொக்டர் வேண்டாம் என்றால் முகர்ந்துவிட்டுக் கொடுத்துவிடலாம். வைனில் அதுவும் ஒரு நல்ல பங்குதான்.

கேட்காமல் விட்ட ஒரு கேள்வியும் உங்கள் மனதில் இருக்கும்: மருமகளுக்கு முன்னால், சம்பந்தி அம்மாவுக்கு முன்னால் கிளாஸ் தூக்குவதா? இதை அங்கே போய் முகம் பார்த்துத் தீர்மானிக்க விடாதீர்கள். மகன் மூலமாக முன்கூட்டியே சம்பந்தி ஐயாவின் மனதை அறிந்துகொள்ளுங்கள். அவருக்குச் சங்கடம் என்றால் தனித்தனி மேசை கேட்கலாம், பெரிய இடங்களில் வெளியே நிறைய இருக்கும். பல தோட்டங்களில் குடிக்காதவர்களுக்குப் பழச்சாறோ மதுசாரம் இல்லாத பானமோ இருக்கும், அம்மாமார் கையிலும் ஒரு கிளாஸ் இருந்தால் பேச்சு இலேசாகும். அன்றைய படங்களை ஊர் வட்ஸ்அப் குழுவில் போடுவதைப் பற்றியும் வானில் ஏறுமுன்பே ஒரு முடிவுக்கு வாருங்கள்.

போத்தல் விஷயம் சுருக்கமானது. 24 வீதத்துக்குக் குறைந்த மதுசாரத்துக்கு விமானப் பாதுகாப்பு விதியில் தனியான மட்டுப்பாடு இல்லை, வைன் அதற்குள் அடங்கும். ஆனால் கைப்பையில் 100 மில்லிலீற்றருக்கு மேற்பட்ட திரவம் போகாது, ஆகவே பெரிய பெட்டிக்குள்தான். தீர்வையில்லாமல் எவ்வளவு கொண்டுவரலாம் என்பதை இலங்கைச் சுங்கத்தின் இணையத்தளத்தில் புறப்படும் வாரத்தில் பாருங்கள், அந்த அளவு மாறக்கூடியது. கட்டுநாயக்காவில் இறங்கித் தீர்வையற்ற கடையில் வாங்குவதும் அதே கணக்கில் சேரும். போத்தலை ஒரு பிளாஸ்டிக் பையில் கட்டி, சாறத்தில் சுற்றி, பெட்டியின் நடுவில் வையுங்கள். அங்கிருந்து மட்டக்களப்புக்கு இரவு பஸ்ஸில் வருவதானால் அந்தப் பெட்டியைப் பின்னால் சாமான் அறைக்குள் எறிய விடாதீர்கள், காலடியில் வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வந்ததும் அலுமாரிக்கு மேலே அழகுக்கு வைக்கவும் வேண்டாம். நம் வெயிலில் வைன் சில மாதங்களில் கெட்டுவிடும். குளிர்சாதனப் பெட்டியில் வைத்து, திறந்தால் இரண்டு மூன்று நாளுக்குள் முடித்துவிடுங்கள்.