பணக்காரர் கூடுதல் வரி கட்டுவதுதான் நியாயமா? – கேள்வி பதில்

இருபது வருடங்களாகப் பொது நிதி பாடம் நடத்துகிறேன். வந்த கேள்விகளில் என் துறைக்குள் வருபவற்றுக்கு மட்டும் இங்கே பதில் சொல்கிறேன்.

கேள்வி: எல்லோரும் ஒரே சதவீதம் கட்டினாலே பணக்காரர் அதிகம்தானே கட்டுவார்? விகிதத்தையும் ஏன் ஏற்ற வேண்டும்?

இதுதான் ஆதாரமான கேள்வி, அதனால் விரிவாகவே சொல்கிறேன். 10 சதவீதம் என்றால் 100 சம்பாதிப்பவரிடம் 10 போகிறது, 10,000 சம்பாதிப்பவரிடம் 1,000 போகிறது. தொகை கூடுவது உண்மைதான். ஆனால் முதலாமவர் இழந்த 10 பிள்ளையின் மருந்துச் செலவாக இருக்கலாம். இரண்டாமவர் இழந்த 1,000 சேமிப்பில் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். வரியில் சமம் என்பது தியாகத்தில் சமம் என்றார் 19ஆம் நூற்றாண்டு ஆங்கிலத் தத்துவவாதியும் பொருளியலாளருமான ஜான் ஸ்டூவர்ட் மில்.

ஏறும் விகிதத்தை ஆதரிப்பவர்கள் இந்த வாதத்தோடு நின்றுவிடுகிறார்கள். நான் அப்படி நிற்க மாட்டேன். வருமானம் இரட்டிப்பாகும் ஒவ்வொரு முறையும் மனநிறைவு ஒரே அளவு கூடுகிறது என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடுங்கள். எல்லோரும் ஒரே அளவு மனநிறைவை இழப்பதுதான் சம தியாகம் என்றால், அது அப்போது ஒரே விகித வரியைத்தான் தரும். பணத்தின் அருமை அதைவிட வேகமாகக் குறைந்தால்தான் விகிதம் ஏறும். மில்லும் அடிப்படைத் தேவைக்கு மேலான வருமானத்துக்கு ஒரே விகிதம் போதும் என்றே நினைத்தார். ஏறும் விகிதம் அதிகம் உழைத்தவரைத் தண்டிக்கும் என்பது அவர் கவலை. பொருளியலின் முன்னோடி ஆடம் ஸ்மித் 1776இல் வருமானத்துக்கு ஏற்ற பங்கு என்றுதான் தொடங்கினார். ஆனால் வீட்டு வாடகை மீதான வரியைப் பேசும்போது, பணக்காரர் தங்கள் விகிதத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாகத் தருவது அப்படியொன்றும் நியாயமற்றதல்ல என்றார்.

விகிதம் ஏற வேண்டும் என்பதே என் கருத்து. பசியைத் தீர்க்கும் பணத்துக்கும் பத்தாவது வீடு வாங்கும் பணத்துக்கும் உள்ள தூரம், அந்த இரட்டிப்புக் கணக்கு காட்டுவதைவிட மிகப் பெரியது.

கேள்வி: சம்பளம் உயர்ந்து அடுத்த வரி அடுக்குக்குப் போனால் கைக்கு வருவது குறையுமே?

குறையாது. ஒவ்வொரு வகுப்பிலும் நான் தரும் எச்சரிக்கை இது: அடுக்கின் விகிதம் அந்த அடுக்கில் விழும் பகுதிக்கு மட்டும்தான். முதல் 100க்கு வரி இல்லை, அடுத்த 100க்கு 10 சதவீதம், அதற்கு மேல் 30 சதவீதம் என்று வையுங்கள். 200 சம்பாதித்தால் வரி 10. 201 சம்பாதித்தால் 10.30. கூடுதலாக வந்த 1இல் 0.70 உங்களுக்கே. வருமானம் ஒரு எல்லையைத் தாண்டியதும் உதவித்தொகையோ சலுகையோ ஒரேயடியாக நின்றுபோனால் நஷ்டம் வரலாம். ஆனால் அது அடுக்கின் குற்றமல்ல.

கேள்வி (முதலில் கேட்டவரே): உழைத்தது நான், பணம் என்னுடையது. அதை எடுப்பது கட்டாய உழைப்பு இல்லையா?

அமெரிக்கத் தத்துவவாதி ராபர்ட் நோசிக் 1974இல் ஏறக்குறைய இதையேதான் வாதிட்டார். இதைத் தட்டிக்கழிக்க முடியாது. லியம் மர்ஃபி, தாமஸ் நாகல் என்ற இரு தத்துவவாதிகள் 2002இல் இதற்கு மறுப்பு எழுதினார்கள்: சொத்துரிமையும் ஒப்பந்தமும் நீதிமன்றமும் வரியால் நடப்பவை, ஆகவே 'வரிக்கு முந்தைய வருமானம்' தனியாக நிற்கும் ஒன்றல்ல. நான் அவ்வளவு தூரம் போக மாட்டேன். உழைத்தவருக்குத் தன் ஊதியத்தின் மேல் உரிமை உண்டு. ஆனால் எல்லைக்கல்லைக் காவல் காக்கும் செலவு, நிலம் அதிகம் உள்ளவருக்காகத்தான் அதிகம் ஆகிறது.

கேள்வி: பதவி உயர்வு வந்திருக்கிறது. அடுக்கு மாறும் என்பதால் மறுத்துவிடலாமா?

மறுக்காதீர்கள். மேலே இரண்டாவது பதிலைப் படியுங்கள்.

கேள்வி: அமெரிக்காவில் ஒரு காலத்தில் 91 சதவீதம் வரி இருந்ததாமே? பணக்காரர்கள் நிஜமாகவே கட்டினார்களா?

1954 முதல் 1963 வரை உச்ச அடுக்கு 91 சதவீதம். அந்த அடுக்கை எட்டியவர்கள் வெகு சிலர். அதே காலத்தில் நீண்டகால மூலதன ஆதாயத்துக்கு, அதாவது நெடுநாள் வைத்திருந்த பங்கையோ சொத்தையோ விற்று வரும் லாபத்துக்கு, வரியின் உச்சவரம்பு 25 சதவீதம்தான். அப்புறம் என்ன, சம்பளத்தை ஆதாயமாக மாற்றிக் காட்ட வழி தேடினார்கள்.

விகிதத்தை மட்டும் பார்த்துச் சண்டை போடாதீர்கள் என்று நான் சொல்வது இதனால்தான். எதை வருமானமாக எண்ணுகிறோம் என்று கேளுங்கள். பெரும் செல்வந்தரின் பணம் சம்பளமாக வருவதில்லை, அவருடைய பங்குகளின் மதிப்பு ஏறுகிறது. பெரும்பாலான நாடுகளில் விற்றால்தான் அதற்கு வரி. அவர் விற்காமல் பங்கை அடமானம் வைத்துக் கடன் வாங்கிச் செலவு செய்கிறார். கடன் வருமானம் ஆகாது. சம்பளக்காரருக்கோ பணம் கைக்கு வருமுன்பே வரி பிடிக்கப்படுகிறது. எனக்கு இதுதான் பெரிய அநியாயமாகப் படுகிறது.

கேள்வி: அப்படியென்றால் மொத்தச் சொத்து மதிப்பின் மேல் செல்வ வரி போட்டுவிடலாமே?

1990இல் ஓஈசிடி (பெரும்பாலும் வளர்ந்த நாடுகளின் அமைப்பு) நாடுகளில் 12இல் அது இருந்தது. 2017இல் 4இல் மட்டும். ஓவியத்துக்கும் குடும்ப நிறுவனத்துக்கும் மதிப்புப் போடுவது கடினம், விலக்குகளும் பெருகிப்போயின. இந்த ஓட்டைகளை அடைக்காமல் மறுபடி கொண்டுவந்தால் நடுத்தரச் சேமிப்புதான் மாட்டும்.

கேள்வி: வரித் துறையிலிருந்து எனக்கு நோட்டீஸ் வந்திருக்கிறது...

உடனே ஒரு கணக்காயரைப் பாருங்கள், தாமதிக்காதீர்கள்.

கேள்வி (மூன்று பேர்): வரி ஏறினால் பணக்காரர்கள் நாட்டை விட்டுப் போய்விடுவார்களே?

சிலர் போவார்கள். நிலமும் கட்டடமும் போகாது. பெரிய பன்னாட்டு நிறுவனங்களின் லாபம் வரி குறைந்த நாடுகளுக்கு ஓடுவதைத் தடுக்க, அதற்குக் குறைந்தது 15 சதவீதம் வரி என்று 2021இல் 130க்கும் மேற்பட்ட நாடுகள் ஒப்புக்கொண்டன.

கேள்வி: ஏழைகள்தான் வரியே கட்டுவதில்லையே?

வருமான வரி கட்டுவதில்லை. சோப்பு வாங்கும்போது விலையோடு சேர்த்து வரி கட்டுகிறார்கள், வருமானத்தில் பணக்காரரைவிடப் பெரிய பங்காகவே கட்டுகிறார்கள். தயவுசெய்து இதைச் சொல்வதை நிறுத்துங்கள்.

கேள்வி: போனஸ் வந்தால் அடுக்கு மாறி...

இரண்டாவது பதில்.

கேள்வி (முதலில் கேட்டவர், மீண்டும்): சரி. நான் உழைத்துச் சேர்த்ததை என் பிள்ளைக்குக் கொடுத்தால் அதற்கும் வரியா?

உங்கள் வாதம் முழுக்க உழைப்பின் மேல் நிற்கிறது. அந்தப் பணத்துக்கு உங்கள் பிள்ளை உழைக்கவில்லை. ஏறும் வருமான வரியை எதிர்த்த மில்லே, வாரிசாக ஒருவர் பெறும் தொகைக்கு வரம்பு வேண்டும் என்றார். உழைப்பின் மேல் வரியைக் குறைத்து, பரம்பரைப் பெருஞ்சொத்தின் மேல் கூட்டலாம் என்கிறேன். உழைத்தவருக்கே உரிமை என்ற உங்கள் கொள்கைப்படி இதை எப்படி மறுப்பீர்கள்? எழுதுங்கள். அடுத்த முறை அதிலிருந்தே தொடங்குகிறேன்.