தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் கடலே இல்லையே. கடல் மாசுக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்?

சம்பந்தம் தென்பெண்ணைதான். கர்நாடகத்து நந்தி மலையில் பிறந்து, பெங்களூருப் பக்கமாக வந்து, ஓசூர் அருகே கெலவரப்பள்ளி அணை, பிறகு கிருஷ்ணகிரி, சாத்தனூர் அணைகளைத் தாண்டிக் கடலூர் அருகே வங்கக் கடலில் கலக்கிறது.

அணையிலிருந்து நீர் அதிகம் திறக்கும் நாளில் கெலவரப்பள்ளிக்குப் போய்ப் பாருங்கள். பஞ்சுப் பொதியாக நுரை பொங்கும். காற்றடித்தால் கரைக்கும் பறந்து வரும். சிலர் அதன் முன் நின்று படம் வேறு எடுக்கிறார்கள்! பெங்களூருச் சாக்கடையோடு வந்த சோப்புத் தூள் அது. இத்தகைய கழிவிலுள்ள பாஸ்பரசும் நைட்ரஜனும் கடலைச் சேர்ந்தால் பாசி மண்டும்; அது அழுகும்போது நீரில் ஆக்சிஜன் குறைந்து மீன்கள் திணறும். அணை வண்டலை நிறுத்தும், நீரில் கரைந்ததை முழுதாக நிறுத்தாது.

பெங்களூரை மட்டும் திட்டிப் பயனில்லை. ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தமிழகத்தில் 2019 ஜனவரி 1 முதல் தடை. ஒகேனக்கல்லில் மீன் வறுவல் தின்றுவிட்டுக் காவிரியில் பை வீசுவது நம்மவர்கள்தானே?