‘சோதனையே நடக்கவில்லை’ என்று எழுதிய அதிகாரி மீது வழக்குப் போடலாமா?

கேள்வி: கடந்த மாதம் ஒருநாள் இரவு 11 மணிக்கு ஐந்து போலீசார் வந்து எங்கள் வீட்டைப் புரட்டிப் போட்டார்கள். வாரண்ட் காட்டவில்லை. மகஜர் (சோதனை விவரத்தை எழுதிய ஆவணம்) எதுவும் தரவில்லை. எஸ்.பி.யிடம் புகார் கொடுத்தேன். விசாரித்த டி.எஸ்.பி., அப்படியொரு சோதனையே நடக்கவில்லை என்று அறிக்கை கொடுத்துவிட்டார். அவர் மீதும் வழக்குத் தொடரலாமா?

பதில்: தொடரலாம். வந்தவர்கள் செய்தது ஒரு தவறு. அவர்களைக் காப்பாற்றப் பொய்யான ஆவணம் எழுதுவது தனிக் குற்றம். பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதா 256ஆவது பிரிவின்படி அதற்கு மூன்றாண்டு வரை சிறை உண்டு.

ஆனால் ஒன்றை நிதானமாகப் புரிந்துகொள்ளுங்கள். கீழே இருப்பவர் எழுதிக் கொடுத்ததை நம்பிக் கையெழுத்திட்ட அதிகாரி கவனக்குறைவானவர்தான். அது மட்டுமே அவரைக் குற்றவாளி ஆக்காது. பொய் என்று தெரிந்தே எழுதியிருக்க வேண்டும். எதிர்வீட்டுக்காரர் பார்த்ததைச் சொல்லியும் அதை விட்டுவிட்டாரா? கேமராப் பதிவைப் பார்த்த பிறகும் இல்லை என்று எழுதினாரா? வழக்கு நிற்பதும் விழுவதும் இதில்தான்.

வாரண்ட் இல்லை என்பதையே பிடித்துக்கொண்டிருக்காதீர்கள். அவசரத்தில் வாரண்ட் இல்லாமலும் சோதனையிடலாம். ஆனால் காரணத்தை எழுதி, அந்தப் பதிவை 48 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட்டுக்கு அனுப்பியாக வேண்டும். வீட்டில் குடியிருப்பவர் விண்ணப்பித்தால் அதன் நகல் இலவசம். அந்தப் பதிவு அங்கே இருந்தால் டி.எஸ்.பி.யின் அறிக்கை பொய். இல்லாவிட்டால், வீட்டுக்குள் வந்தவர்கள் சட்டத்தை மீறியே வந்திருக்கிறார்கள்.

இந்த இலவச நகலுக்குத்தான் நீதிமன்ற வாசலில் ஆயிரக்கணக்கில் பணம் கேட்பார்கள். ஒரு பைசா கொடுக்காதீர்கள். ஸ்டேஷனில் பேசி முடித்துத் தருகிறேன் என்று வரும் உள்ளூர்ப் பிரமுகரிடம் இன்னும் எச்சரிக்கை தேவை. அவர் நீட்டும் வெள்ளைத்தாளில் நீங்கள் போடும் கையெழுத்து, நாளை ‘புகாரைத் திரும்பப் பெறுகிறேன்’ என்ற கடிதமாக வந்து நிற்கும். இப்படிக் கையெழுத்திட்டு வழக்கை இழந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

காவல் நிலையக் கேமராப் பதிவை 18 மாதம், முடியாவிட்டால் ஓராண்டாவது வைத்திருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2020 டிசம்பரில் உத்தரவிட்டது. அதே ஆண்டு, தந்தையும் மகனும் போலீஸ் காவலில் தாக்கப்பட்டு இறந்த சாத்தான்குளம் வழக்கில், நிலையக் கேமராவின் ஹார்டு டிஸ்க்கில் இடம் இருந்தும் பதிவுகள் தினமும் தானாக அழியும்படி வைக்கப்பட்டிருந்ததை நீதித்துறை நடுவர் உயர் நீதிமன்றத்துக்குத் தெரிவித்தார். ஆகவே போலீசார் நிலையத்திலிருந்து புறப்பட்டதையும் திரும்பியதையும் காட்டக்கூடிய அந்த இரவின் பதிவைப் பாதுகாக்கும்படி எஸ்.பி.க்கு இன்றே ஸ்பீடு போஸ்ட்டில் எழுதுங்கள். எதிர்வீட்டுக் கேமராப் பதிவை அதற்கும் முன்னால் வாங்கிவிடுங்கள். வீட்டுக் கேமராவில் பழையது சில வாரங்களிலேயே அழிந்துவிடும்.

ஒரு நிலையத்தின் மீதான புகாரை அதே உட்கோட்ட டி.எஸ்.பி.யிடமே விசாரிக்கக் கொடுத்தால் வேறென்ன அறிக்கை வரும்? எத்தனை முறை சொன்னாலும் இந்த வழக்கம் மாறவில்லை. நீங்கள் பிரமாணப் பத்திரத்துடன் மாஜிஸ்திரேட்டிடம் செல்லுங்கள். டி.எஸ்.பி. மீது வழக்கு நடத்த அரசின் அனுமதி தேவை என்பார்கள். கேட்ட 120 நாளில் அரசு முடிவு சொல்லாவிட்டால் அனுமதி கிடைத்ததாகவே சட்டம் கொள்ளும். மாநில மனித உரிமை ஆணையத்துக்கும் போகலாம், சம்பவம் நடந்து ஓராண்டுக்குள்.