என்ன சாதித்தாள்?

கேள்வி: 2025இல் நியூயார்க்கின் டைம்ஸ் சதுக்கத்தில் 12 அடி உயரத்துக்கு ஒரு கறுப்பினப் பெண்ணின் வெண்கலச் சிலையை வைத்தார்களே, பார்த்தீர்களா? விசாரித்தால் அப்படி ஒருவரே கிடையாதாம். எந்தச் சாதனையும் செய்யாதவருக்கு எதற்குச் சிலை?
– வாசகர் ஒருவர், விழுப்புரம்

பதில்: படத்தில் பார்த்தேன். சாதாரண உடை, பின்னிய தலை, இடுப்பில் இரண்டு கைகள். 'இப்போ என்ன?' என்று கேட்பதுபோல் நிற்கிறாள். செய்தவர் லண்டன்காரரான தாமஸ் ஜே. பிரைஸ். பல பேரின் சாயலைச் சேர்த்து உருவாக்கியதால் அவளுக்குப் பெயர் கிடையாது.

அது இருக்கட்டும், 'சாதனை' என்று ஒரு வார்த்தை போட்டீர்களே, அங்கேதான் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அடிக்கடி ஒரு கடிதம் வரும்: 'தங்களைச் சாதனைச் செம்மல் விருதுக்குத் தேர்வு செய்துள்ளோம்.' என்ன சாதனை என்று அதில் இருக்காது. பதிவுக் கட்டணம் மட்டும் எண்ணாலும் எழுத்தாலும் இருக்கும். சால்வை, கேடயம், மதியச் சாப்பாடு எல்லாம் அதில் அடக்கம். கூட ஒருவரை அழைத்து வந்தால் அவர் சாப்பாட்டுக்குத் தனி. நேரில் வர இயலாதவர்களுக்குச் சாதனையைக் கூரியரில் அனுப்பிவிடுவார்கள். இதைப் பற்றி இதே பக்கத்தில் எழுதி வாங்கிக் கட்டிக்கொண்டவன் நான். ஒரு விருதுக் கமிட்டிக்காரர் என்னைப் பொறாமைக்காரன் என்று கூட்டம் போட்டுத் திட்டினார். ஆனாலும் பட்டியலிலிருந்து என் பெயரை எடுக்கவில்லை.

சரி, நியூயார்க்குக்கு வருவோம். அங்கே சென்ட்ரல் பூங்காவில் நிஜமாக வாழ்ந்த பெண்களுக்கு முதல் சிலை வந்ததே 2020 ஆகஸ்டில்தான். சோஜர்னர் ட்ரூத், சூசன் ஆண்டனி, எலிசபெத் ஸ்டாண்டன் என்று பெண்ணுரிமைக்குப் போராடிய மூன்று பேர். முதலில் போட்ட திட்டத்தில் வெள்ளைக்காரப் பெண்கள் இரண்டு பேர்தான். சத்தம் கிளம்பிய பிறகே அடிமையாகப் பிறந்து மேடையேறி முழங்கிய ட்ரூத்துக்கு இடம் கொடுத்தார்கள். அதுவரை அந்தப் பூங்காவில் இருந்த பெண்கள் யார் யார்? ஆலிஸ்: முயலைத் துரத்திக்கொண்டு போய்ப் பொந்தில் விழுந்தவள். ஜூலியட்: காதலித்துச் செத்தவள். அப்புறம் வாத்துமேல் ஏறிப் பறக்கும் ஒரு பாட்டி. இவர்களிடம் யாராவது பயோடேட்டா கேட்டிருப்பார்களா?

சாதனை செய்தவருக்கே சிலை என்றால் அதற்கும் அந்த ஊரில் ஆள் இருந்தார். மருத்துவர் ஜே. மரியன் சிம்ஸ், நவீன மகளிர் நோய் மருத்துவத்தின் தந்தை என்று கொண்டாடப்பட்டவர். பிரசவத்தில் ஏற்படும் கிழிசலைத் தைத்துச் சரிசெய்யும் முறையை 1840களில் அலபாமாவின் மான்ட்கோமரியில் கண்டுபிடித்தார். யார் உடம்பில்? அடிமைப் பெண்களின் உடம்பில், மயக்க மருந்து கொடுக்காமல். அனார்கா என்ற இளம்பெண்ணுக்கு மட்டும் ஏறக்குறைய முப்பது முறை அறுவை நடந்ததாக அவரே எழுதி வைத்திருக்கிறார். மருத்துவருக்கு வெண்கலச் சிலை வைத்தார்கள். 2018 ஏப்ரலில்தான் அதைச் சென்ட்ரல் பூங்காவிலிருந்து இறக்கினார்கள்.

அந்தப் பெண்களில் அனார்கா, லூசி, பெட்சி என்ற மூன்று பெயர்கள்தான் நமக்குக் கிடைத்திருக்கின்றன. அவர்கள் எப்படி இருப்பார்கள் என்று காட்ட ஒரு படம்கூட இல்லை. மிஷெல் பிரவுடர் என்ற கலைஞர் 2021இல் அதே மான்ட்கோமரியில் அந்த மூவருக்கும் ஆளுயரத்தைத் தாண்டிய சிலைகளை எழுப்பினார். பழைய இரும்புச் சாமான்களைப் பற்றவைத்துச் செய்தவை. முகம் தெரியாதவர்களுக்குச் சிலை செய்தால் கற்பனை முகம்தான் வைக்க முடியும். அதையும் 'அப்படி ஒருவரே கிடையாது' கணக்கில் சேர்ப்பீர்களா?

பிரைஸின் சிலை எனக்கு அப்படியே பிடித்துவிட்டது என்று எண்ணிவிட வேண்டாம். சுற்றிலும் விளம்பரத் திரைகள் கண்ணைப் பறிக்கும் இடத்தில் 12 அடி பொம்மைபோல் ஆகிவிடுகிறது. நெதர்லாந்தின் ராட்டர்டாம் ரயில் நிலையத்துக்கு வெளியே, பைகளில் கைவிட்டபடி நிற்கும் அவருடைய இன்னொரு சிலைக்கு நல்ல இடம் அமைந்திருக்கிறது. டைம்ஸ் சதுக்கத்தில் பாதிரியார் டஃபி 1937 முதலும், நாடகக்காரர் கோஹன் 1959 முதலும் நிற்கிறார்கள். இவளை ஏப்ரல் கடைசியில் வைத்து ஜூன் நடுவில் எடுத்துவிட்டார்கள். ஏன் வைத்தார்கள் என்று இப்போது கேட்கிறீர்களே, ஏன் அதற்குள் எடுத்தார்கள் என்று கேட்டிருக்கலாம்.