பாலக்காட்டு வெயிலில் ஐஸ் ஹாக்கி சாத்தியமா?

எங்கள் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் பங்குனியில் கால் வைக்க முடியாத சூடு. அதனால் இந்தச் சந்தேகம் நியாயம்தான். ஆனால் இந்த ஆட்டத்துக்குக் குளிர்நாடு வேண்டாம், குளிர்ந்த தரை போதும். கான்கிரீட் தளத்துக்குள் குழாய்களைப் பதித்து, உறையாத உப்புக்கரைசலைப் பூஜ்ஜியத்துக்குக் கீழே குளிர்வித்து ஓடவிடுவார்கள். மேலே தண்ணீரைப் படலம் படலமாகத் தெளித்தால் சுமார் 3 செ.மீ. பனித்தளம் உருவாகும். மீன் மார்க்கெட்டுக்குக் கட்டி போடும் ஐஸ் கம்பெனியிலும் உப்புநீர்தான் இந்த வேலையைச் செய்கிறது. வெக்கையோடு ஈரப்பதமும் பெரிய தலைவலி. காற்றை உலர்த்தாவிட்டால் அரங்குக்குள் மூடுபனி கட்டும். நம் மழைக்காலத்தில் மின்கட்டணம் அங்கேதான் ஏறும்.

சரி, அமெரிக்காவின் வெயில் மாநிலங்களில் இந்த ஆட்டத்துக்கு ஆட்கள் எப்படிச் சேர்ந்தார்கள்? 1988இல் வெயின் கிரெட்ஸ்கி என்ற கனடா நட்சத்திரம் லாஸ் ஏஞ்சலஸ் அணிக்கு மாறியதும் கலிஃபோர்னியாவே திரும்பிப் பார்த்தது. புளோரிடாவின் டாம்பா பே அணி 1992இல் ஆடத் தொடங்கி 2004, 2020, 2021 என மூன்று முறை, வட அமெரிக்காவின் முதன்மை ஐஸ் ஹாக்கி லீக்கான என்.எச்.எல்.லின் சாம்பியனுக்குத் தரும் ஸ்டான்லி கோப்பையை வென்றது. என்னை அதிகம் நெகிழவைப்பது ஆஸ்டன் மேத்யூஸ்தான். அரிசோனா பாலைவனத்தில் வளர்ந்த பையன், 2016இல் என்.எச்.எல். அணிகள் புது வீரர்களைத் தேர்ந்தெடுத்தபோது முதல் ஆளாக எடுக்கப்பட்டார். பக்கத்தில் ஒரு அணியும் தளமும் இருந்ததால் வந்த பலன் அது.

நம் பிள்ளைகள் சக்கர ஸ்கேட்டில் ஆடும் ரோலர் ஹாக்கியிலிருந்து தொடங்கலாம். சமமான சிமென்ட் தரை போதும்.